சேர்ந்ததா என்று கேட்ட மனிதர்

நவரத்தினம் அண்ணன் காலமான செய்தி எனக்குச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. ஈப்போவில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளித் திடல்தான் இருக்கிறது. அவர் மனைவி கோலாலம்பூரில் இருக்கும் மகனுக்குச் சொன்னார். மகன் காம்பாரில் இருக்கும் அத்தைக்குச் சொன்னார். அத்தை பீடோரில் இருக்கும், எங்களோடு வேலை செய்த பெருமாளுக்குச் சொன்னார். பெருமாள்தான் எனக்குப் போன் அடித்தார்.

"சரசு, ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். நம்ம நவம் அண்ணே..." என்று இழுத்தார்.

எனக்குத் தெரியாது. பக்கத்தில்தானே இருக்கிறாள், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் இதற்கே ஒரு மணி நேரம் புலம்பியிருப்பார்.

எனக்கும் அலுத்துவிட்டது. இழவு வீட்டுக்குக் கட்டும் சேலையைத் துவைத்து மடித்து வைப்பதற்குள் அடுத்த செய்தி வந்துவிடுகிறது. எங்கள் ஆபீஸில் வேலை செய்தவர்களில் இனி சிலர்தான் மிச்சம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது அண்ணனின் முகம் அல்ல, மாரிமுத்துவின் பெயர். ஏன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ஈப்போவில் ஒரு கடைவரிசையின் மாடியில் எங்கள் ஆபீஸ். பல ரப்பர் தோட்டங்களுக்கு அது பொது ஆபீஸ். மேலாளர் மிஸ்டர் வோங். நான் கம்ப்யூட்டரில் செய்திகளை அடித்து அனுப்புகிறவள். நவம் அண்ணன் அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறவர். அதற்கு முன்பு, எழுபதுகள் முழுக்க, தோட்டம் தோட்டமாகப் போய் வயர்லெஸ் செட் பூட்டிக் கொடுத்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான் என்றாலும் அந்தப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. காலையில் வந்து நாற்காலியில் சாய்ந்து, "ஐயோ, இண்டைக்கும் வேலையோ" என்பார். இதுதான் அவர் காலை வணக்கம். வேலை என்றால் அவ்வளவு அலுப்பு. ஆனால் அவர் தொட்ட எதையும் அரைகுறையாக விட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் கம்ப்யூட்டரின் முதுகில் இரண்டு வயர்கள் இருந்தன. ஒன்று சுவரில் இருந்த டெலிபோன் லைனுக்குப் போனது. மற்றது மேசைக்கடியில் இருந்த வயர்லெஸ் செட்டுக்கும், அங்கிருந்து மொட்டைமாடி ஏரியலுக்கும் போனது. சில தோட்டங்களுக்கு டெலிபோன் வழி, சில தோட்டங்களுக்கு ஆகாய வழி. எந்தப் பேருக்கு எந்த வழி என்று மெஷினுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். பேர் குறிப்பிடாத மற்ற எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வழியும் சொல்லி வைக்கவேண்டும். கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் அந்தப் பொது வழியில்தான் இருந்தது. டெலிபோன் லைன்தான் பொது வழி என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

மெஷின் அப்படி நம்பவில்லை. கடைசியாக எந்த வழியின் வாசலைத் திறந்தோமோ அதையே அது பொது வழியாக எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் வயர்லெஸ் செட்டை அணைத்துத் திரும்பப் போட்டோம். அன்று கோலாலம்பூருக்குப் போகவேண்டியதெல்லாம் ஆகாயத்தில் ஏறி, செட் வைத்திருந்த தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. அதில் ஒன்று, பீடோர் பக்கத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த பெருமாளை சுங்கை சிப்புட் பக்கம் மாற்றலாமா என்று மிஸ்டர் வோங் கேட்டிருந்த ரகசியச் செய்தி. மறுநாள் காலையிலேயே பெருமாள் போனில் வந்தார்.

"சார், என்னைய சுங்கை சிப்புட்டுக்குத் தூக்குறீங்களாமே. காலைப் பெரட்டுல பேர் கூப்பிடறப்ப பால் வெட்டுக்கார ஆளுங்க எல்லாம் விசாரிக்கிறாங்க. எனக்கு மட்டும்தான்லா தெரியாம இருந்திச்சு."

அண்ணன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு உட்கார்ந்து, கோலாலம்பூரின் பேரையும் தனியாக மெஷினில் எழுதி வைத்தார். "போற வழியைச் சொல்லி வைக்காட்டி மெஷின் தனக்குத் தெரிஞ்ச வாசலாலதான் போகும் சரஸ்" என்றார். "மனிசரும் அப்பிடித்தான்."

பெருமாளும் மாற்றலாகி வந்தார். அவர் வந்து சேர்ந்த தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம்தான் மேட்டுத் தோட்டம். அங்கே ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் மாரிமுத்து.

மேட்டுத் தோட்டத்துக்கு இரண்டு வழியும் உண்டு. டெலிபோன் கம்பி ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும். பெரிய காற்று அடித்தால் ஒரு கிளை விழுந்து அறுந்துவிடும். அதனால் அண்ணன் வயர்லெஸ்ஸை முதல் வழியாக வைத்தார். இங்கே எங்கள் செட் கெட்டுப்போனால் மட்டும் டெலிபோன். செட் இருந்தது தோட்டத்து மருந்தகத்தில், மருந்து கொடுக்கும் டிரஸரின் பொறுப்பில். எல்லாம் சரியாகத்தான் யோசித்திருந்தார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்.

இடி முழங்கினால் டெலிவிஷன் பிளக்கைப் பிடுங்குவது நம் வீடுகளில் எல்லோரும் செய்கிற காரியம். தோட்டத்து டிரஸர்கள் அதற்கு மேலே போவார்கள். ஏரியல் வயரைச் செட்டிலிருந்து கழற்றி, நுனியை ஒரு காலி ஊறுகாய் போத்தலுக்குள் விட்டு, போத்தலை ஜன்னலில் வைத்துவிடுவார்கள். இடி வந்தால் போத்தலோடு போகட்டும் என்று. எழுபதுகளில் தோட்டம் தோட்டமாகப் போய் இதைச் சொல்லிக் கொடுத்தவரே நவம் அண்ணன்தான். ஒரு செட் கூட இடியில் போனதில்லை என்பதில் அவருக்குப் பெருமையும் உண்டு. ஆனால் இங்கே ஈப்போவில் இருந்த மெஷினுக்கு அந்தப் போத்தலைப் பற்றி எதுவும் தெரியாது. நம் பக்கத்துச் செட்டின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், வழி திறந்திருக்கிறது என்றுதான் அது நினைக்கும்.

ஒரு நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து, அவர்களிடம் இருந்த ஒரே நம்பரான எங்கள் ஆபீஸுக்குப் போன் வந்தது. மாரிமுத்துவின் மனைவி அஞ்சலை நிறைமாதமாக அங்கே சேர்ந்திருந்தார். ஆப்பரேஷன் செய்யவேண்டும், புருஷன் வந்து கையெழுத்துப் போடவேண்டும், உடனே வரச் சொல்லுங்கள் என்றார்கள். நான் அடித்து அனுப்பினேன். அனுப்பப்பட்டது என்று திரையில் வந்தது. ஈப்போவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேட்டுத் தோட்டத்தில் இடி. டிரஸர் வயரைப் போத்தலில் விட்டுவிட்டு, காய்ச்சல்காரர் ஒருவரைப் பார்க்க அடுத்த டிவிஷனுக்குப் போய்விட்டார். என் செய்தி ஆகாயத்தில் போய் எங்கேயும் இறங்கவில்லை. டெலிபோன் கம்பி அன்று முழுதாக, நல்லபடியாக இருந்தது.

மாரிமுத்து மறுநாள் காலை வழக்கம்போல, வீட்டிலிருந்து கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையெழுத்துக்காகக் காத்திருந்த டாக்டர்கள், இனிக் காத்திருக்க முடியாது என்று ஆப்பரேஷனை ஆரம்பித்தபோது நேரம் கடந்திருந்தது. அஞ்சலை பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று மாரிமுத்துவுக்குத் தெரியாது. யாரும் சொல்லாவிட்டால் தெரிந்திருக்கவும் போவதில்லை. மிஸ்டர் வோங் கெட்ட மனிதர் அல்ல. ஆனாலும் அண்ணனைக் கூப்பிட்டு, "போகாதே நவம், சொன்னால் கம்பெனிக்குத்தான் சுசா, வீண் தொல்லை" என்றார். அண்ணன் கார் சாவியை எடுத்தார். செய்தியை அடித்தவள் நான் என்பதால் நானும் கூடவே போனேன்.

மாரிமுத்து தன் லயத்து வீட்டு வாசலில் பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, உட்காரச் சொன்னார். அண்ணன் உட்காரவில்லை.

"தம்பி, ஆஸ்பத்திரியில இருந்து பின்னேரமே கூப்பிட்டவை. நாங்கள் அனுப்பினம். அது இஞ்ச வந்து சேரேல்ல. சேரேல்ல எண்டதை நாங்கள் பாக்கவும் இல்ல. டிரஸரில பிழை சொல்லாதேங்கோ. இடிக்கு வயரைக் கழட்டச் சொல்லிப் பழக்கினதே நான்தான்."

மாரிமுத்து கழுவிய வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். "பின்னேரமேவா சார்?" என்றார்.

"ஓம்."

"மழைன்னு வீட்லதான் சார் இருந்தேன். சும்மாதான் படுத்திருந்தேன். தெரிஞ்சிருந்தா நடந்தாவது வந்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. எங்களுக்குக் கலக்கி வைத்த கோப்பியைக் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். நானும் குடித்தேன், அண்ணனும் குடித்தார். என் வாழ்க்கையில் அதைப்போலக் கஷ்டப்பட்டு எதையும் விழுங்கியதில்லை. திரும்பி வரும் வழியில் சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டினோம். பிறகு அண்ணன், "நாலு வார்த்தை ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும் சரஸ்" என்றார்.

கோலாலம்பூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். வயர்லெஸ்தான் பிரச்சினை, அதைக் கழற்றி எறிந்துவிட்டு டெலிபோன் லைனை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. ஒன்றைக் கழற்றிவிட்டால் மனசாட்சிக்கும் கொஞ்சம் ஓய்வு. அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"கம்பி அறுந்த அண்டைக்கும் இதேதான் நடக்கும். பிழை ஆகாயத்தில இல்ல. அனுப்பினதைச் சேர்ந்ததெண்டு எண்ணினமே, அதிலதான் பிழை" என்றார்.

அதன் பிறகு அவர் செய்த ஏற்பாடு உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்; எல்லோரும் அவரைத் திட்டிய ஏற்பாடு அது. செய்தி முதலில் ஆகாய வழியில் போகும். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராவிட்டால், நம் செட்டின் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், மெஷின் அதையே டெலிபோன் வழியில் தள்ளும். அங்கேயும் பதில் இல்லையென்றால் நான் பெருமாளைக் கூப்பிடவேண்டும். பெருமாள் மோட்டார் சைக்கிளில் மேட்டுத் தோட்டத்துக்குப் போகவேண்டும். மெஷினுக்கு இரண்டு வழி, எங்களுக்கு மூன்று. பதிலாக 'சரி' என்று மட்டும் சொன்னால் அண்ணன் ஏற்கமாட்டார். யாருக்கு, என்ன, எப்போது என்று படித்தவர் தம் வார்த்தையில் திருப்பிச் சொல்லவேண்டும். அதுவரை திரையில் அந்தச் செய்தி அழியாது. நாங்கள் வீட்டுக்கும் போகமுடியாது.

"நான் கிராணியா இல்ல தபால்காரனாலா?" என்று மழைக்கோட்டை உதறும் சத்தத்தோடு பெருமாள் போனில் கத்துவார். ஆனால் ஒரு தடவையும் போகாமல் இருந்ததில்லை.

எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு நாள் உரப் பையைப் பற்றிய ஏதோ சாதாரணச் செய்தி, பதில் வரவில்லை, என் பஸ் போய்க்கொண்டிருந்தது. "அண்ணே, எனக்கும் வீடு வாசல் இருக்கு. ஒரமூட்ட நாளைக்குத் தெரிஞ்சா போதாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீ போ. நான் இருக்கிறன்" என்றார். எந்தச் செய்தி உயிர்ச் செய்தி, எந்தச் செய்தி உரமூட்டைச் செய்தி என்று பிரித்துப் பார்க்கும் தைரியம் அவருக்குப் போய்விட்டது. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அலுப்பை வாயால் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர் அந்த வருடங்களில் உண்மையாகவே களைத்துப்போனார். முடி நரைத்தது, கண்ணுக்குக் கீழே கருத்தது. எல்லோரிடமும் எதற்கும் "சேர்ந்ததா?" என்று கேட்டார். ஆபீஸில் அதையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள். வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அதற்குப் பிறகு எத்தனையோ செய்திகள் இடியிலும் மழையிலும் போய்ச் சேர்ந்தன. யாரோ பிழைத்திருப்பார்கள், யாரோ கடைசியாக ஒரு முகத்தைப் பார்த்திருப்பார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. சேர்ந்த செய்தியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மாரிமுத்து எங்கள் ஆபீஸ் படி ஏறியதே இல்லை. அண்ணனும் அவரைத் தேடிப் போய்த் தொந்தரவு செய்யவில்லை. பெருமாள் போன் பண்ணும்போதெல்லாம் அவரைப் பற்றி விசாரிப்பதோடு சரி. அஞ்சலைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று பெருமாள் ஒரு தடவை சொன்னார். அண்ணன் உடனே கேட்டது, "பிறக்கேக்க மாரிமுத்து பக்கத்தில இருந்தவனோ?" என்றுதான். இருந்தார் என்றதும் போனை வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

பிறகு தோட்டங்கள் கைமாறின. மரங்களை வெட்டி வீடுகள் கட்டினார்கள். எங்கள் ஆபீஸையும் மூடினார்கள். மாரிமுத்து குடும்பத்தோடு சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் குடியிருப்புக்கு வந்து லோரி ஓட்டினார் என்று கேள்வி. பெருமாள் ஓய்வு பெற்று பீடோருக்கே திரும்பிவிட்டார். நானும் அண்ணனும் திடலின் இரண்டு பக்கத்தில் கிழடாகிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் பார்க்கப் போனபோது படுக்கையில் இருந்தார். மூச்சு வாங்கியது. பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, நான் கிளம்பும்போது சொன்னார்: "நான் போனா மாரிமுத்துவுக்குச் சொல்லிவிடு சரஸ். வந்தா வரட்டும், வராட்டி விடு. அது அவன்ர இஷ்டம். ஆனா அவனுக்குச் சேரவேணும்."

அதனால்தான் பெருமாளின் போனை வைத்ததும் எனக்கு அந்தப் பெயர் வந்தது. முதலில் மாரிமுத்துவின் கைப்பேசிக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தது. வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது, இரண்டாவது விழவில்லை. வீட்டு டெலிபோனுக்கு அடித்தேன். அந்த நம்பர் இப்போது இல்லையாம். நான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன், பார்க்கும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு நிமிடம் நாற்காலியில் சாய்ந்தேன். காலும் வலித்தது. திரையில் அந்த ஒற்றை டிக்கைப் பார்த்தேன். திரும்ப எழுந்துகொண்டேன்.

பெருமாளிடம் கேட்டு, மாரிமுத்து இருக்கும் தாமானில் ஒரு மளிகைக் கடையின் நம்பரை வாங்கினேன். கடைக்காரர் முன்பின் தெரியாதவர்.

"சரிக்கா, அந்தப் பக்கம் போறப்ப சொல்லிடறேன்" என்றார்.

"இப்பவே போகணும் தம்பி. சொல்லிட்டு, அவர் என்ன சொன்னாருன்னு எனக்குத் திருப்பிச் சொல்லணும்."

"திருப்பிச் சொல்லணுமா?"

"ஆமா. நீங்க கூப்பிடற வரைக்கும் நான் போன் பக்கத்துலதான் இருப்பேன்."

கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனாலும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போனார் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"அக்கா, சொல்லிட்டேன். ஆளு ஒன்னும் பேசல. சட்டைய மாட்டிக்கிட்டு மோட்டார எடுத்துட்டாரு."

நான் திடலைத் தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனபோது கோலாலம்பூர்க்காரர்கள் யாரும் வந்திருக்கவில்லை. காம்பார் அத்தையும் வரவில்லை. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு, "உங்களுக்குச் சொல்ல விட்டுப்போச்சு, மன்னிச்சிடுங்கோ" என்று அழுதார். வாசலில் ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. நரைத்த தலையோடு ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டருகில் நின்றார். எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"நேரத்துக்கு வந்துட்டேனாக்கா?" என்றார் மாரிமுத்து.

"வந்துட்டீங்க. நீங்கதான் மொத ஆளு."

அவர் உள்ளே போய் அண்ணனின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. எங்களை எப்போதாவது மன்னித்தாரா என்பதும் எனக்குத் தெரியாது. வந்தார், அவ்வளவுதான் தெரியும்.

நவரத்தினம் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த அலுப்பான கேள்வி ஒன்றுதான். பிடிக்காமல்தான் வைத்திருக்கிறேன். இதைப் படிக்கிற நீங்களும் எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். வெறும் 'சரி' என்று எழுதாதீர்கள், அவருக்குப் பிடிக்காது. அன்று சவப்பெட்டியை மூடுவதற்கு முன் பூப் போடக் கூப்பிட்டபோது, நான் குனிந்து அவர் காதருகே சொன்னேன்: "மாரிமுத்துவுக்குச் சேர்ந்துடுச்சு அண்ணே. வந்து நிக்கிறாரு."